டி செல் சமிக்ஞையை வெஸ்டர்ன் பிளாட்டில் பிடிப்பது எப்படி

டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளணு) ஒன்றின் ஏற்பி தூண்டப்பட்டதும் எல்சிகே என்ற கைனேஸ், அதாவது பாஸ்ஃபேட்டை ஒட்டும் நொதி, அந்த ஏற்பியோடு சேர்ந்த சிடி3 சங்கிலிகளின் டைரோசின் அமினோ அமிலங்களில் பாஸ்ஃபேட்டை ஒட்டுகிறது. அங்கே ஜாப்-70 என்ற இன்னொரு கைனேஸ் வந்து அமர்ந்து, தானும் செயல்பெற்று, லாட் புரதத்தில் பாஸ்ஃபேட்டை ஒட்டுகிறது. அங்கிருந்து பிஎல்சி காமா-1 என்ற நொதி வழியாகச் செய்தி எர்க் என்ற கைனேஸ் வரை போகிறது. இந்த நேரம் முழுக்க பாஸ்ஃபட்டேஸ் நொதிகளும் ஒட்டியதைப் பிய்த்துக்கொண்டே இருக்கின்றன. புரதங்களை ஜெல்லில் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடுவதுதான் வெஸ்டர்ன் பிளாட். அதில் தெரியும் பாஸ்ஃபேட் ஏறிய புரதத்தின் பட்டை இந்த இரண்டு வேகங்களுக்கும் இடையிலான மிச்சம்தான். செல்லை உடைத்த பிறகும் இரண்டும் ஓயாது. குறித்த நொடியில் இரண்டையும் சேர்த்து நிறுத்தத் தெரிந்தால் இந்தச் சோதனை கைவந்துவிடும்.

முதலில் வனடேட்

டைரோசின் பாஸ்ஃபட்டேஸ்களை அடக்கச் சோடியம் ஆர்த்தோவனடேட் வேண்டும். அதைத் தண்ணீரில் கரைத்து அப்படியே ஊற்றினால் பாதிப் பயன்தான். 200 மில்லிமோலார் கரைசலை பிஎச் 10-க்குக் கொண்டுவாருங்கள், மஞ்சளாக இருக்கும். அந்த மஞ்சள், வனடேட் மூலக்கூறுகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்திருப்பதன் அடையாளம். கொத்தாக இருக்கும்போது அது நொதியைச் சரியாகத் தடுக்காது. நிறம் போகும்வரை கொதிக்கவிட்டு, ஆறவைத்து, பிஎச்சை மறுபடி 10-க்குச் சரிசெய்யுங்கள். மஞ்சள் திரும்பினால் மீண்டும் கொதிக்கவிட வேண்டும். பிஎச் 10-இல் நிறமில்லாமல் நின்றதும் சிறு பங்குகளாக மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.

செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபரில் இடிடிஏ, டிடிடி இரண்டும் வேண்டாம். முதலாவது வனடேட்டைப் பிடித்துக்கொள்ளும், இரண்டாவது அதை ஒடுக்கிவிடும். செல்லுடன் கலந்த பிறகு இறுதி அளவு இப்படி இருக்கட்டும்: டிரிஸ் 50 மில்லிமோலார், பிஎச் 7.5, உப்பு 150 மில்லிமோலார், டிரைட்டன் எக்ஸ்-100 ஒரு சதவீதம், வனடேட் 1, சோடியம் ஃபுளோரைடு 10, பீட்டா கிளிசரோபாஸ்ஃபேட் 20 மில்லிமோலார், கூடவே புரோட்டியேஸ் தடுப்பான். ஃபுளோரைடும் கிளிசரோபாஸ்ஃபேட்டும் செரின், திரியோனின் அமினோ அமிலங்களில் உள்ள பாஸ்ஃபேட்டைக் காக்க. எர்க்கில் திரியோனின், டைரோசின் இரண்டிலும் பாஸ்ஃபேட் இருந்தால்தான் அது முழுமையாக இயங்குவதாகப் பொருள் என்பதால் இவற்றைத் தவிர்க்க முடியாது. இந்தப் பஃபரை இரு மடங்கு அடர்த்தியில் தயாரித்து ஐஸில் வையுங்கள். லாட்டை அளக்கப் போகிறீர்கள் என்றால் டிரைட்டனுக்குப் பதில் ஒரு சதவீத டோடெசில் மால்டோசைடு நல்லது. லாட் கொழுப்புத் திட்டுகளில் பதிந்திருக்கும். குளிர்ந்த டிரைட்டன் அதை முழுதாக வெளியே எடுக்காது.

தூண்டுதல்

ஜர்காட் செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித டி செல் வரிசை) சீரம் இல்லாத ஆர்பிஎம்ஐ ஊடகத்தில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓய்வில் வையுங்கள். பிறகு மில்லிலிட்டருக்கு 2 கோடி என்ற அடர்த்தியில் டியூபுக்கு 90 மைக்ரோலிட்டர். டியூபுகள் 37 டிகிரி பிளாக்கில் 10 நிமிடம் சூடாகட்டும். சிடி3-ஐப் பற்றித் தூண்டும் ஓகேடி3 ஆன்டிபாடி மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் கரைசலில் 10 மைக்ரோலிட்டர் சேர்த்தால் இறுதியில் 5 ஆகும். அந்தக் கரைசலும் சூடாக இருக்க வேண்டும்.

நேரங்கள்: 0, 1, 2, 5, 10, 30 நிமிடம். 30 நிமிட டியூபில் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். எல்லாம் ஒரே வேளையில் முடியும். ஜாப்-70 முதல் ஓரிரு நிமிடங்களிலேயே உச்சம் தொடும், எர்க் 5 முதல் 10 நிமிடத்தில். 0 நிமிட டியூபுக்கும் சிடி3-ஐப் பற்றாத, அதே வகை ஆன்டிபாடியைச் சேர்க்க வேண்டும், சும்மா விடக் கூடாது.

நிறுத்தும்போது செல்லைச் சுழற்றிப் படியவைக்காதீர்கள். மையவிலக்கில் போகும் 5 நிமிடத்தில் நீங்கள் தேடும் 1 நிமிடப் பட்டை 6 நிமிடப் பட்டையாகிவிடும். டியூபிலேயே 100 மைக்ரோலிட்டர் பஃபரை ஊற்றி, உடனே கலந்து, ஐஸில் 15 நிமிடம். பிறகு 4 டிகிரியில் 14,000 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றி மேல் திரவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புரத அளவைப் பிசிஏ முறையில் பார்த்த பிறகே டிடிடி உள்ள சாம்பிள் பஃபரைச் சேர்த்து 95 டிகிரியில் 5 நிமிடம் வையுங்கள். நொதிகள் செத்த பிறகு டிடிடியால் கெடுதல் இல்லை.

ஒப்பீட்டு டியூபுகள்

இவை இல்லாத பிளாட்டை நம்ப வேண்டாம். ஒரு டியூபில் வனடேட்டையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் அப்போதே கலந்த பெர்வனடேட், 0.1 மில்லிமோலார், 5 நிமிடம். ஓகேடி3 கொஞ்சமும் இல்லாமலே டைரோசின் பட்டைகள் வரிசை முழுக்கக் கறுத்துவிடும். ஓய்வில் இருக்கும் செல்லிலும் கைனேஸ்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, பாஸ்ஃபட்டேஸ்தான் அவற்றை அமுக்கி வைத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனை இல்லை. இன்னொரு டியூபில், எர்க்குக்கு முந்தைய மெக் கைனேஸைத் தடுக்கும் யூ0126, 10 மைக்ரோமோலார், தூண்டலுக்கு 30 நிமிடம் முன்பே. எர்க் பட்டை மறையும், ஜாப்-70 அப்படியே நிற்கும். எல்சிகே இல்லாத ஜேகேம்1.6 செல்கள் கிடைத்தால் அவற்றையும் ஓட்டுங்கள். அங்கே ஜாப்-70 பட்டையும் எழாது.

பிளாட்

வரிக்கு 30 மைக்ரோகிராம், 10 சதவீத ஜெல், பிவிடிஎஃப் சவ்வு. சவ்வின் வெற்றிடங்களை மூட (பிளாக் செய்ய) பால்பொடி வேண்டாம். பாலில் உள்ள கேசீனே பாஸ்ஃபேட் ஏறிய புரதம், பின்னணி கறுக்கும். டிபிஎஸ்டி பஃபரில் 5 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) போதும். பாஸ்ஃபேட் ஏறிய புரதத்தைத் தேடும் முதல் ஆன்டிபாடி முயலில் தயாரானதாக இருக்கட்டும். ஓகேடி3 எலி ஆன்டிபாடி, அதைக் கழுவாமலே செல்லை உடைத்திருக்கிறீர்கள். எலி ஆன்டிபாடியைத் தேடும் இரண்டாம் ஆன்டிபாடியைப் போட்டால் 50, 25 கிலோடால்டனில் இரண்டு பொய்ப் பட்டைகள் எழுந்து, பக்கத்தில் 42, 44-இல் இருக்கும் எர்க்கைக் குழப்பும். பாஸ்ஃபேட் ஏறியதும் ஏறாததும் சேர்ந்த மொத்த எர்க், ஜாப்-70 அளவை அதே மாதிரியில் இரண்டாவது ஜெல் ஓட்டிப் பாருங்கள். சவ்வை உரித்து மறுபடி பயன்படுத்தினால் ஒவ்வொரு வரியிலும் எவ்வளவு புரதம் கழன்றது என்று சொல்ல முடியாது.

எதிர்பார்த்தது வராதபோது

0 நிமிடத்திலேயே எர்க் பலமாக இருந்தால், செல்களை டியூபுக்கு மாற்றும்போது குளிர்ந்து, குலுங்கி, தூண்டப்பட்டிருக்கும், ஓய்வை நீட்டுங்கள். எல்சிகே இயங்குவதைக் காட்டும் டைரோசின் 394-இன் பாஸ்ஃபேட் தூண்டலுக்குப் பிறகும் பெரிதாக ஏறாவிட்டால் பதற வேண்டாம். ஓய்வு நிலையிலேயே எல்சிகேயின் ஒரு பகுதி இயங்கிக்கொண்டிருக்கும். சிஎஸ்கே என்ற கைனேஸ் டைரோசின் 505-இல் பாஸ்ஃபேட்டை ஒட்டி எல்சிகேயைப் பூட்டுகிறது, சிடி45 என்ற பாஸ்ஃபட்டேஸ் அதே பாஸ்ஃபேட்டை நீக்கித் திறக்கிறது. அதனால் 394-ஐ 505-உடன் சேர்த்தே படியுங்கள். ஜர்காட்டில் ஏகேடி என்ற கைனேஸ் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அதைத் தூண்டும் கொழுப்பான பிஐபி3-ஐக் கலைக்கும் பிடென் என்ற கொழுப்பு பாஸ்ஃபட்டேஸ் இந்தச் செல்லில் இல்லை. ஏகேடிதான் உங்கள் கேள்வி என்றால் ரத்தத்திலிருந்து பிரித்த டி செல்களுக்குப் போய்விடுங்கள்.