புது லாரி டிரைவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பெரும்பாலும் வண்டி நிற்கும்போது நடப்பவை

கிளீனராகவோ இரண்டாவது டிரைவராகவோ கொஞ்ச நாள் போய்விட்டு, முதல்முறையாக வண்டியைத் தனியாகக் கையில் வாங்கும் பையன்கள் பயப்படுவதெல்லாம் ஓட்டுவதைப் பற்றித்தான். ரிவர்ஸ் சரியாக வருமா, மேட்டில் கியர் விழுமா, பெங்களூர் நெரிசலைச் சமாளிக்க முடியுமா என்று கேட்பார்கள். அதெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். மதுரையில் லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து போன் எடுக்கிற ஆளாகச் சொல்கிறேன், ராத்திரியில் வரும் போன்களில் பாதிக்கு மேல், வண்டி நின்றுகொண்டிருந்தபோது கவனிக்காமல் விட்ட ஏதோ ஒன்றில் தொடங்கியவை. லோடு ஏறும்போது பார்க்கவில்லை, பில்லை வாசிக்கவில்லை, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினான், நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை.

லோடு ஏறும்போது காணாமல் போவது

லோடுமேன்கள் ஏற்றுகிறார்கள், நமக்கு அங்கே என்ன வேலை என்று டீக்கடைக்குப் போய்விடுவார்கள். மேலூர்ப் பக்கம் கிரானைட் ஏற்றினால் வண்டியில் பாதி இடம் காலியாகத்தான் தெரியும். ஒரு கன மீட்டர் கல் ஏறக்குறைய 2.7 டன் வரும், அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ராஜபாளையத்துப் பஞ்சுப் பொதி இதற்கு நேர்மாறு. எடை குறைவு, உயரம் அதிகம், பக்கக் காற்றில் வண்டி ஆடும். எந்தச் சரக்கானாலும் எடை பின் ஆக்சிலுக்கும் பின்னால் கூடிவிட்டால் ஸ்டியரிங் லேசாகிவிடும். புது ஆளுக்கு அது சுகமாகக்கூட இருக்கும். முன் டயர் ரோட்டைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

எடை மேடையில் காலி எடைக்கும் லோடு எடைக்கும் தனித்தனிச் சீட்டு வாங்கி, ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒத்துப் பாருங்கள். "ரெண்டு டன்தான தம்பி, எல்லாரும் போடுறதுதான்" என்று சரக்குக்காரர் சொல்வார். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அந்த ரெண்டு டன்னுக்கு ஆக மொத்தம் 24,000. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போகவும் சொல்வார்கள். ஆள் தெரியாத ஊரில், பாஷை தெரியாத இடத்தில், இறக்குகிற கூலியும் காவலும் யார் பொறுப்பு? எல்லாரும் போடுறதுதான் என்றவர் அங்கே வரப்போவதில்லை.

சிவகாசி லோடு என்றால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நோட்டு, காலண்டர் என்றால் சரி. பட்டாசு என்றால் ஆபத்தான சரக்கு ஓட்டுவதற்கான அனுமதி உங்கள் லைசென்ஸில் தனியாக ஏறியிருக்க வேண்டும். அது இல்லாமல் "வேற பேர்ல பில் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த லோடு வேண்டாம்.

அப்புறம் தார்ப்பாய். இரண்டு தார்ப்பாய் போடுவதானால் முதலில் பின்பக்கத்தை விரித்துவிட்டு, அதன் மேல் முன்பக்கத் தார்ப்பாயின் ஓரம் ஏறும்படி போட வேண்டும். மாற்றிப் போட்டால் எதிர்க்காற்று இடுக்கில் புகுந்து தூக்கும், ஓசூர் போவதற்குள் கிழித்துவிடும். நடுவில் பள்ளம் விழாமல் இழுத்துக் கட்டுங்கள். மழைத் தண்ணீர் அங்கே தேங்கிச் சொட்டினால், கீழே இருப்பது விருதுநகர் பருப்பு மூட்டையோ சிவகாசி நோட்டோ, நனைந்த கணக்கு உங்கள் தலையில் வரும். பெரும்பாலோர் மறப்பது இன்னொன்று உண்டு. மூட்டை லோடு கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே அமுங்கும், கயிறு தளரும். கப்பலூரில் ஏற்றியவர் வாடிப்பட்டி பக்கத்தில் ஒருமுறை இறங்கிக் கயிறை இழுத்துப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை. அதைச் செய்யாத ஆளை வேடசந்தூர் தாண்டிச் சரிந்த லோடோடு பார்க்கலாம்.

பேப்பரை வாங்கி டேஷ்போர்டில் வைத்துவிடுவது

பில், எல்.ஆர். (லாரி ஆபீஸ் போடும் சரக்கு ரசீது), இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜி.எஸ்.டி. சீட்டு) மூன்றிலும் வண்டி நம்பரை எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். ஒரே ஒரு எண் மாறியிருந்தாலும் வழியில் மடக்குகிறவருக்கு அது போதும். வரி கட்டாத சரக்கு என்று முடிவானால், சரக்குக்காரர் கட்ட வேண்டிய அபராதமே வரியைப் போல இரண்டு மடங்கு. அது தீரும்வரை வண்டியும் நீங்களும் அங்கேதான். இ-வே பில்லுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆயுள் கணக்கு. வண்டி நல்லபடியாக ஓடினால் அது தாராளம். ரிப்பேராகி இரண்டு நாள் நின்றால்தான் சிக்கல். முடிகிற நேரத்துக்கு முந்தைய எட்டு மணி நேரத்திலோ பிந்தைய எட்டு மணி நேரத்திலோ நீட்டிக்கலாம், ஆகவே வண்டி நின்றவுடன் ஆபீஸுக்குச் சொல்லுங்கள். "சரியாயிரும்னு நெனச்சேண்ணே" என்று மூன்றாம் நாள் வரும் போனுக்கு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் புது வண்டி நம்பரை பில்லில் ஏற்றாமல் நகரவே கூடாது.

தூக்கம்

மேலே சொன்ன தவறெல்லாம் பெரும்பாலும் பணத்தோடு போகும். இது அப்படியில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நடப்பது இப்படித்தான். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் லோடு ஏறுகிறது. டிரைவர் அங்கேயும் இங்கேயுமாக அலைகிறார். எடை மேடை, பில், தார்ப்பாய், கயிறு எல்லாம் முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு மதுரையை விட்டுக் கிளம்புகிறார். அவர் கணக்கில் வேலை எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறது. உடம்பின் கணக்கில் அது பதினான்காவது மணி நேரம். ராத்திரி இரண்டு மணிக்குச் சேலம் தாண்டியிருப்பார். இரண்டிலிருந்து ஐந்து வரை யாருக்கும் உடம்பு தூக்கத்தைக் கேட்கும் நேரம், பகலில் தூங்காதவருக்குக் கேட்கவே வேண்டாம்.

லோடு ஏறும்போது பக்கத்தில் இருங்கள் என்று மேலே சொன்னேனே, அப்படியானால் எப்போது தூங்குவது? தொடக்கத்திலும் கடைசி அடுக்கிலும் நின்றால் போதும், நடுவில் படுங்கள். முடியவில்லையென்றால் லோடு ஏறிய இடத்திலேயே நாலு மணி நேரம் தூங்கிவிட்டு நள்ளிரவுக்கு மேல் எடுங்கள். ஓனர் கத்துவார். கத்தட்டும். ஐந்து மணி நேர வேலைக்கு அரை மணி ஓய்வாவது கொடுக்க வேண்டும் என்று 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எழுதி வைத்தது. ஓனர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கடைசியாகக் கடந்த டோல்கேட் எது என்று யோசித்தும் ஞாபகம் வரவில்லையென்றால், நடுவில் சில நொடி தூங்கியிருக்கிறீர்கள். டீயும் பாக்கும் பாட்டும் அதைக் கொஞ்ச நேரம் மறைக்கும், தீர்க்காது. நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தி இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். எழுந்தவுடன் ஸ்டார்ட் செய்யாதீர்கள். முகம் கழுவி, வண்டியை ஒரு சுற்று நடந்து, ஒரு கட்டையால் டயரைத் தட்டிப் பாருங்கள். காற்று இறங்கிய டயர் மொத்தையாகச் சத்தம் கொடுக்கும். ஜோடி டயர் நடுவில் கல் மாட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இதெல்லாம் முடிவதற்குள் தூக்கக் கலக்கம் போய்விடும்.

நம் பக்கத்து டிரைவர்களுக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. தீபாவளி, சித்திரைத் திருவிழா நெருங்கினால் ஊர் வந்து சேர வேண்டும் என்று இரண்டு ராத்திரியைச் சேர்த்து ஓட்டுவார்கள். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கிற ஆசை நியாயமானதுதான். அதற்கு ரிட்டர்ன் லோடை ஒரு நாள் முன்னாலேயே பேச வேண்டும், தூக்கத்தில் கை வைக்கக் கூடாது.

எங்கே நிறுத்துவது

ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருந்தால் போதும் என்ற நினைப்புத்தான் பின்னால் வருகிறவரைக் கொல்கிறது. வளைவு முடியும் இடம், மேம்பாலத்து இறக்கம், வெளிச்சமில்லாத ஓரம் எதிலும் தூங்குவதற்காக நிறுத்த வேண்டாம். டீசல் போடும் பங்க்கில் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், அதனால் ராத்திரி எங்கே தங்கப் போகிறோமோ அங்கேயே டீசல் போடுவது நல்லது. வெளிச்சம் இருக்கும், டீசல் திருட்டும் பேட்டரி திருட்டும் குறையும். டோல்கேட் பக்கத்து லாரி நிறுத்துமிடமும் பரவாயில்லை.

ரோட்டிலேயே பழுதாகி நின்றால் எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்கு அடியில் வைப்பதுபோல ஒட்டி வைக்காதீர்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் போகும். ஐம்பது மீட்டர் தள்ளி வைத்தால்கூட அவருக்குக் கிடைப்பது இரண்டு நொடிதான். நூறு மீட்டருக்குக் குறையாமல் நடந்து போய் வையுங்கள், பின் விளக்கில் படிந்த சேற்றைத் துடையுங்கள். முக்கோணம் இல்லாதவர்கள் மரக்கிளையும் பெரிய கல்லும் வைப்பார்கள். வைப்பதை விட்டுத் தள்ளுங்கள், வண்டி சரியானதும் அந்தக் கல்லை எடுக்காமல் போவார்கள் பாருங்கள், அதற்கு மன்னிப்பே கிடையாது. அடுத்து பைக்கில் வருகிறவன் என்ன பாவம் செய்தான்?

இறக்கத்தில் நியூட்ரல்

டீசல் மிச்சம் என்று யாரோ ஒரு பெரியவர் சொல்லிக் கொடுத்த வித்தை. இப்போதைய வண்டியில் அது கணக்குப்படியே தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் போவது நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். மிச்சமும் இல்லை, இன்ஜின் பிடிப்பும் இல்லை. முழு எடையும் பிரேக்கில் விழும், டிரம் சூடேறும். ஒரு கட்டத்தில் பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

மதுரை வண்டிகளுக்கு இதற்கான இடம் தொப்பூர். போகும்போது லோடோடு மேடு ஏறுவதால் பிரச்சினை தெரியாது. பெங்களூர்ப் பக்கமிருந்து திரும்பும்போது தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் பாதைதான் அது, இரட்டைப் பாலம் அருகே நடந்த விபத்துகளைப் பற்றிப் படிக்காத வருடமே இல்லை. இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஓரமாக நிறுத்தி, பிரேக்குக்கான ஏர் பிரஷர் முள் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரில் இறங்குங்கள். இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கை முதலிலிருந்தே போடுங்கள். பாதி இறக்கத்தில் கியரைக் குறைக்கலாம் என்று நினைத்தால் விழாது.

மைசூர் லோடு என்றால் 27 கொண்டை ஊசி வளைவுள்ள திம்பம் வழியில் இரவில் சரக்கு வண்டிக்குத் தடை உண்டு. பந்திப்பூர்க் காட்டுக்குள் இரவு 9 முதல் காலை 6 வரை விட மாட்டார்கள். இது தெரியாமல் போய் அடிவாரத்தில் ராத்திரி முழுக்க நிற்கிறவர்கள் நிறைய.

சில்லறைத் தவறுகள்

இறங்க வேண்டியிருக்கும் என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவது. சிறுநீரகக் கல்லோடு திரும்பி வருகிற டிரைவர்களை எனக்குத் தெரியும். கேபினுக்குள் கேஸ் அடுப்பு பற்றவைப்பது, அதை மழை நாளிலும் செய்யக் கூடாது. மதியம் மூன்று புரோட்டாவும் சால்னாவும் அடித்துவிட்டு உடனே ஸ்டியரிங் பிடிப்பது. பி.எஸ்.6 வண்டியில் (புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த புது வண்டி) புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் யூரியா தீர்ந்துவிட்டது என்று தண்ணீரை ஊற்றினால் வண்டி இழுக்காது, சென்சார் செலவு தனி. டீசல் டேங்கில் தெரியாமல் யூரியாவை ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இறக்கும் இடத்தில் அவசரம்

லோடு இறங்கியதும் ரிட்டர்ன் லோடு ஞாபகம் வந்து ஓடிவிடுகிறார்கள். எல்.ஆர். காப்பியில் சீலும் கையெழுத்தும் இல்லாமல் வந்தால் பாக்கி வாடகை வராது. வாடகை வராவிட்டால் பேட்டா கணக்கும் இழுக்கும். சீல் வைக்கும்போது ஓரத்தில் இந்தியிலோ மராத்தியிலோ ஏதாவது கிறுக்கியிருந்தால், அது "இத்தனை மூட்டை குறைவு" என்றும் இருக்கலாம். கேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து பதில் வந்தபிறகு கிளம்புங்கள். டீசல், இறக்குகூலி, பஞ்சர் எல்லாவற்றையும் அன்றன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். ஊர் திரும்பிய பிறகு ஓனர் முன்னால் உட்கார்ந்து யோசித்தால் எப்போதும் நம் கைக்காசுதான் குறையும்.

ஹால்ட்டிங் காசை விடுவது இன்னொரு தவறு. போய்ச் சேர்ந்து இரண்டு நாள் இறக்காமல் போட்டால் அதற்குக் காசு கேட்கலாம், ஆனால் எப்போது போய்ச் சேர்ந்தீர்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும். செக்யூரிட்டியிடம் கேட் பாஸில் நேரம் போடச் சொல்லுங்கள். போட மாட்டேன் என்றால், கம்பெனி போர்டும் வண்டி நம்பரும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு போட்டோ எடுத்து அப்போதே ஆபீஸ் வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள். அனுப்பிய நேரம் அதிலேயே பதிவாகிவிடும்.