மழைநீர் வடிகாலுக்குத் தனிக் கட்டணம்: ஒரு நகராட்சி அதை ஏற்படுத்தும் முறை

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் மழைநீர் வடிகாலுக்கான செலவு இன்றும் பொது நிதியிலிருந்தே வருகிறது. காவல்துறைக்கும் தீயணைப்புக்கும் பூங்காவுக்கும் பங்கு போன பிறகு மிஞ்சுவதே வடிகாலுக்குக் கிடைக்கும் என்பதால், தூர்வாருதலும் குழாய் மாற்றுதலும் ஆண்டுக்காண்டு தள்ளிப்போகின்றன. இந்த நிலையை மாற்ற, வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூ நகரம் 1974-ஆம் ஆண்டிலேயே வடிகாலுக்கெனத் தனிக் கட்டணம் வாங்கி இயங்கும் அமைப்பை நிறுவியது. அவ்வழியில் செல்ல விரும்பும் நகரம் முதலில் தீர்மானிக்க வேண்டியது கட்டணத்தின் அளவையல்ல, எதை அளந்து கட்டணம் வாங்குவது என்பதையே.

பிலடெல்பியாவின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அங்கு முன்பு குடிநீர் மீட்டரின் அளவை வைத்தே மழைநீர்க் கட்டணமும் வாங்கப்பட்டது. பெரிய மீட்டர் வைத்திருந்த அடுக்குமாடிக் கட்டிடம், சிறிய கூரையே இருந்தும் அதிகம் கட்டியது. குடிநீர் இணைப்பே இல்லாத பெரிய வாகன நிறுத்துமிடம், விழுந்த மழையையெல்லாம் சாக்கடைக்குள் தள்ளிவிட்டு ஒன்றும் கட்டவில்லை. ஆகவே 2010 முதல் வீடல்லாத சொத்துகளுக்கு மனையின் மொத்தப் பரப்பையும், கூரை, கான்கிரீட், தார்த்தளம் போன்ற நீர் இறங்காத பரப்பையும் கணக்கிட்டு, நான்கு ஆண்டுகளில் படிப்படியாகப் புதிய முறைக்கு மாற்றினார்கள். ஒரே ஆண்டில் மாற்றியிருந்தால் பல வணிகர்களின் பில் தாங்க முடியாத அளவுக்கு எகிறியிருக்கும்.

பல நகரங்கள் இதைவிட எளிய வழியைப் பின்பற்றுகின்றன: நடுத்தர வீடொன்றின் நீர் இறங்காத பரப்பையே ஓர் அலகாகக் கொள்கின்றன. அந்த அலகு 2,500 சதுர அடி என்றும், நகரம் முழுவதும் 1,00,000 அலகுகள் உள்ளன என்றும், ஆண்டுச் செலவு 60 லட்சம் டாலர் என்றும் வைத்துக்கொள்வோம். ஓர் அலகுக்கு ஆண்டுக்கு 60 டாலர், அதாவது மாதம் 5 டாலர் ஆகும். 50,000 சதுர அடித் தளம் கொண்ட கடை 20 அலகுகளுக்கு மாதம் 100 டாலர் கட்டும். செலவுக் கணக்கில் பராமரிப்பு, கடன் தவணை, தூய நீர்ச் சட்டத்தின் (நீர்நிலைகள் மாசடைவதைக் கட்டுப்படுத்தும் கூட்டரசுச் சட்டம்) கீழான அனுமதி நிபந்தனைகளை நிறைவேற்றும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே காட்ட வேண்டும்.

அப்படிக் காட்டுவது வெறும் கணக்கு ஒழுங்குக்காக அல்ல. மிச்சிகனின் லான்சிங் நகரம் விதித்த கட்டணத்தை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1998-இல் வரி என்றே தீர்ப்பளித்தது. மக்கள் வாக்கெடுப்பின்றி விதித்ததால் அது செல்லாமல் போயிற்று. கட்டணம் என்றால் அது சேவையின் செலவுக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும், வருவாய் ஈட்டுவதே அதன் நோக்கமாக இருக்கக் கூடாது, கட்டுவோருக்குத் தவிர்க்கவோ குறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்பவை அங்கு ஆராயப்பட்ட கேள்விகள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுவதால், கட்டண விகிதத்தை அறிவிக்கும் முன்பே வழக்கறிஞரிடம் வரைவைக் கொடுத்துவிடுவது நல்லது.

கட்டுவோர் கட்டணத்தைக் குறைக்க வழி உண்டா என்ற மூன்றாவது கேள்விக்கு நடைமுறை விடை கட்டணக் கழிவு. மழைநீரைத் தன் மனையிலேயே தேக்கி மண்ணுக்குள் இறக்கும் உரிமையாளருக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். அந்த அமைப்பு தூர்ந்துவிடாமல் இயங்குகிறதா என்று அவ்வப்போது ஆய்வும் செய்ய வேண்டும். வரிவிலக்குப் பெற்ற தேவாலயமும் பல்கலைக்கழகமும்கூட இது வரியல்ல என்பதால் பொதுவாகக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். கூட்டரசின் கட்டிடங்களும் நியாயமான கட்டணத்தைச் செலுத்த வேண்டும் எனத் தூய நீர்ச் சட்டம் 2011-இல் திருத்தப்பட்டது.

எதிர்ப்பு நிச்சயம் வரும். மேரிலாந்து 2012-இல் பெரிய மாவட்டங்களும் பால்டிமோரும் இக்கட்டணத்தை வாங்க வேண்டும் எனச் சட்டமியற்றியபோது, எதிர்ப்பாளர்கள் அதற்கு ‘மழை வரி’ என்று பெயர் சூட்டினார்கள். 2015-இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. எனவே முதல் பில்லுக்குப் பல மாதங்கள் முன்பே, ஒவ்வொரு பெரிய சொத்தின் உரிமையாளருக்கும் அவருடைய மனையின் வான்வழிப் படத்தையும் கணக்கிட்ட பரப்பையும் அனுப்பிவிடுவது உகந்தது. மர நிழலைத் தளமாகவும், புல் முளைத்த சரளைக் கல்லைத் தாராகவும் எடுத்துக்கொண்ட பிழைகள் அப்போதே வெளிப்படும். முறையீட்டுக்குக் காலக்கெடுவும் பொறுப்பு அலுவலரும் இருக்க வேண்டும். அதன் பின் வரும் மாற்றங்களைக் கட்டிட அனுமதிப் பதிவேட்டிலிருந்து நேரடியாகப் பில்லிங் பிரிவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும்.