'லா ரோந்த்' படத்தை முதல்முறை பார்க்கப் போகிறீர்களா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் படத்தில் ஒரு காதல் ஜோடியைத் தேடாதீர்கள். மாக்ஸ் ஓஃபுல்ஸ் 1950இல் பிரான்ஸில் எடுத்த படம், கதை நடப்பது 1900ஆம் ஆண்டு வியன்னாவில். காதல் படம்தான், ஆனால் காதலிப்பவர்கள் பத்துப் பேர். விலைமாது ஒருத்தி சிப்பாயைச் சந்திக்கிறாள், சிப்பாய் ஒரு பணிப்பெண்ணை, அவள் தான் வேலை பார்க்கும் வீட்டு இளைஞனை, அவன் இன்னொருவரின் மனைவியை என்று கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் ஒரு பிரபு அதே விலைமாதுவின் அறையில் வந்து நிற்கிறான். ரோந்த் என்றால் சுற்று. நாம் 'ரோந்து' என்கிறோமே, அதே குடும்பத்துச் சொல்தான்.

அப்போ யாரைப் பிடித்துக்கொண்டு படம் பார்ப்பது? கதைசொல்லியை. ஆன்டன் வால்புரூக் நடித்திருக்கிறார். தெருக்கூத்துக் கட்டியக்காரனை நினைத்துக்கொண்டால் இவர் சட்டென்று பிடிபட்டுவிடுவார். நம்மோடு பேசுவார், பாத்திரங்களோடும் பேசுவார், வேறு வேறு உடையில் கதைக்குள் நுழைந்து வெளியே வருவார். முதல் தடவை நான் காதலர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டாம் தடவை இவரைப் பின்தொடர்ந்த பிறகுதான் படம் எனக்குத் திறந்தது.

தொடக்கக் காட்சியை மட்டும் தயவுசெய்து போனைக் கீழே வைத்துவிட்டுப் பாருங்கள். பல நிமிடங்கள் வெட்டே இல்லாமல் ஓடும் ஒரே ஷாட். அவர் ஒரு மேடையில் ஏறுகிறார், கேமராவும் விளக்குகளும் நிற்கிற ஸ்டுடியோவைக் கடந்து நடக்கிறார், அப்படியே ஒரு வியன்னாத் தெரு வந்துவிடுகிறது, அங்கே தொங்கும் மேலங்கியையும் உயரத் தொப்பியையும் எடுத்து மாட்டிக்கொண்டு பழைய காலத்து மனிதராகிவிடுகிறார். இது செட், இது வேஷம், இது பொய் என்று நம் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் காட்டிவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார்கள். அப்படியும் குடைராட்டினம் சுற்றத் தொடங்கி, அதில் விலைமாதுவாக நடிக்கும் சிமோன் சின்யோரே வந்து இறங்கும்போது நாம் முழுசாக நம்பிவிடுகிறோம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் சிலிர்க்கும்.

அப்புறம் அந்த ராட்டினத்தின் மேல் ஒரு கண் வைத்திருங்கள். இளைஞன் படுக்கையில் தடுமாறும்போது ராட்டினமும் பழுதாகி நின்றுவிடும், கதைசொல்லி அதைச் சரிசெய்தாக வேண்டும். இன்னோர் இடத்தில் நடிகையும் பிரபுவும் நெருங்கும் நேரத்தில் அவர் பிலிம் சுருளையே கையில் எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார். தணிக்கைக்கு இதைவிட அழகான பதிலை நான் பார்த்ததில்லை. இந்தப் படத்துக்கு அது வெறும் விளையாட்டும் அல்ல, நியூயார்க் மாநிலத்தில் இதைத் திரையிட விடாமல் தடுத்து, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1954இல்தான் தீர்ப்பு படத்துக்குச் சாதகமாக வந்தது.

மூலம் ஆர்தர் ஷ்னிட்ஸ்லரின் நாடகம். அதை முன்கூட்டிப் படிக்கத் தேவையில்லை. நாடகத்தில் இந்தக் கதைசொல்லியே கிடையாது, படத்துக்காகச் சேர்த்தது, ஆகவே படத்தைப் பார்த்துவிட்டுப் படித்தால் என்ன மாறியிருக்கிறது என்று நன்றாகவே தெரியும்.

பெயர்கள் குழம்பினால் கவலைப்படாதீர்கள், யார் யாரோடு என்பதை ஒரு தாளில் வட்டமாக எழுதிக்கொண்டே வந்தால் போதும். ஒன்றரை மணி நேரப் படம், ஒரே மூச்சில் பாருங்கள், சப்டைட்டில் இருந்தாலும் சத்தத்தைக் குறைக்காதீர்கள், ஏனென்றால் ஆஸ்கர் ஸ்ட்ராஸின் அந்த வால்ட்ஸ் மெட்டுதான் ஒரு ஜோடியிலிருந்து அடுத்த ஜோடிக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. முடிந்ததும் உடனே அணைத்துவிடாமல், முதல் பத்து நிமிடத்தை மறுபடி ஓட விடுங்கள். ராட்டினத்தில் வரும் அந்தப் பெண்ணுக்காக அந்த முறை யார் காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.