ஓடிபி சொன்னால் ஒப்புதலா? மருத்துவத் தரவுப் பகிர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனை கவுண்டரில் இருப்பவர், "போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்கிறார். பின்னால் நீண்ட வரிசை. நோயாளி அவசரமாக ஆறு இலக்கங்களைப் படித்துச் சொல்கிறார். அந்த நொடியில் அவருடைய பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாம் புதிய இடத்துக்குத் திறந்துவிடப்படுகின்றன. கணினியைக் கேட்டால் 'நோயாளி ஒப்புதல் அளித்தார்' என்று தேதி, நேரத்தோடு காட்டும். நோயாளியைக் கேட்டால், "பேரைப் பதிஞ்சாங்க" என்பார்.

டிஜிட்டல் ஒப்புதல் அமைப்புகளைக் கட்டுபவர்கள் இந்த ஒரு நொடிக்காகவே பாடுபடுகிறார்கள். அதற்குப் பிறகு நோயாளியின் கையில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வருவதே இல்லை.

அந்த ஓடிபியிலிருந்தே தொடங்கலாம். அது நிரூபிப்பது ஒன்றைத்தான்: போன் அப்போது பக்கத்தில் இருந்தது. யாருடைய போன் என்பதுகூடத் தெரியாது. வயதானவர்களின் கணக்கில் பல நேரம் பிள்ளைகளின் எண்தான் இருக்கும். கணவனுக்குத் தெரிய வேண்டாம் என்று ஒரு பெண் செய்துகொண்ட பரிசோதனை, கணவனின் எண்ணுக்குப் போகும் குறுஞ்செய்தியிலேயே வெளிப்பட்டுவிடும். பராமரிப்பவருக்குத் தனிக் கணக்கும் தனி அனுமதியும் வேண்டும். அவர் சம்மதித்தால் அவர் பெயரில்தான் பதிவாக வேண்டும். யார் கேட்கிறார்கள், எதை, எத்தனை நாளைக்கு என்ற மூன்றும் அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருக்க வேண்டும். வெறும் எண்ணை அனுப்பிவிட்டு அதை ஒப்புதல் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

சிகிச்சை, ஆராய்ச்சி, காப்பீடு மூன்றையும் ஒரே டிக் பெட்டியில் அடைப்பது அடுத்த தவறு. மருத்துவர் பார்க்கட்டும் என்று நினைப்பவர் காப்பீட்டு நிறுவனமும் பார்க்கட்டும் என்று நினைப்பதில்லை. 'மறுக்காதவர் எல்லாம் சம்மதித்தவர்' என்று வைத்துக்கொள்வதும் இதே ரகம். நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்ட நினைத்த இங்கிலாந்தின் கேர்.டேட்டா திட்டம் அப்படித்தான் போனது. வீடு வீடாகத் துண்டறிக்கை அனுப்பினார்கள். அது எதைப் பற்றியது, எப்படி விலகுவது என்பது பலருக்குப் புரியவே இல்லை. எதிர்ப்பு கிளம்ப, 2014 பிப்ரவரியில் நிறுத்திவைத்து, 2016-இல் கைவிட்டார்கள்.

'பெயரை எடுத்துவிட்டோம், இனி எதற்கு ஒப்புதல்?' என்று கேட்பவர்களும் உண்டு. 1990-களின் பிற்பகுதியில் லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர், பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவமனைத் தரவை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாசசூசெட்ஸ் மாநில ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்தார். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அதற்குப் போதுமாக இருந்தன.

எனக்குப் பெரிதாகப் படுவது 'மறை' பொத்தான். ஒருவர் முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனநல மருத்துவரின் குறிப்புகளைச் செயலியில் மறைத்துவிட்டார். மருந்துப் பட்டியலில், மனநலச் சிகிச்சைக்குத் தரப்படும் லித்தியம் அப்படியே நிற்கிறது. ரத்தப் பரிசோதனைகளில் 'சீரம் லித்தியம்' என்று சில மாதங்களுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது. எந்த மருத்துவருக்கும் ஒரே பார்வையில் விஷயம் பிடிபட்டுவிடும். ஆவண வகையை வைத்து மறைத்தால் இப்படித்தான் ஒழுகும். ஒரு நோயோடு ஒட்டிய மருந்து, பரிசோதனை, பரிந்துரைக் கடிதம் எல்லாம் சேர்ந்து மறைய வேண்டும்.

சரி, எல்லாவற்றையும் சேர்த்தே மறைத்தாகிவிட்டது. இப்போது லித்தியம் பற்றித் தெரியாத மருத்துவர் வலிக்கு ஐபுபுரூஃபன் எழுதுகிறார். அந்த வகை வலி மாத்திரைகள், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கும். ரத்தத்தில் லித்தியம் ஏறி நச்சாகவும் கூடும். மறைப்பது நோயாளியின் உரிமைதான். மறைத்தால் என்ன ஆகலாம் என்பதை அந்த இடத்திலேயே சொல்லாமல் விடுவதுதான் தவறு. 'இதை மறைத்தால் மருந்து மோதல் எச்சரிக்கை வராது. புது மருந்து எழுதும் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்' என்று இரண்டு வரி போதும். மருந்தின் பெயரைக் காட்டாமல், கணினி பின்னணியில் சரிபார்த்து 'இந்த மாத்திரை வேண்டாம்' என்று மட்டும் எச்சரிக்கும் வழியும் இருக்கிறது. அதுவும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். என்னைக் கேட்டால் அந்த அளவு பரவாயில்லை. ஆனால் அதையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நினைவில்லாமல் அவசர சிகிச்சைக்கு வருபவரிடம் ஒப்புதல் கேட்க முடியாது. அதற்காகப் பூட்டைத் திறக்க ஒரு வழி கட்டாயம் வேண்டும். திறப்பவர் காரணத்தை எழுத வேண்டும், கண்விழித்த பிறகு நோயாளிக்குத் தகவல் போக வேண்டும். இவை இல்லாவிட்டால் அவசர வழியே வாடிக்கை வழியாகிவிடும்.

அப்புறம், திரும்பப் பெறுவது. கொடுக்க ஒரு தட்டு. திரும்பப் பெற ஐந்து திரை, ஒரு மின்னஞ்சல். 2018 முதல் அமலில் உள்ள ஐரோப்பாவின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. பொத்தானை எளிதாக்கிவிட்டு, அழுத்தியதும் 'எல்லாம் நீக்கப்பட்டது' என்ற தோற்றம் தருவது அதைவிட மோசம். ஏற்கெனவே இறக்கிக்கொண்ட நகல்கள் அங்கேயேதான் இருக்கும். மருத்துவமனை சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகளும் இருக்கும். 'இன்று முதல் புதிதாக எதுவும் போகாது. முன்பே போனவை அவர்களிடம் இருக்கும்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஒப்புதலுக்கு முன்னிருப்பாகக் குறுகிய காலக்கெடு வைத்தால், திரும்பப் பெற வேண்டிய தேவையே பாதி குறையும்.

எஸ்டோனியாவில் தன் பதிவை யார் திறந்தார்கள் என்பதை நோயாளியே இணையத்தில் பார்க்கலாம். வேண்டாதவற்றைப் பூட்டியும் வைக்கலாம். இதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் ஒரு பார்வைப் பட்டியலைச் சேர்ப்பவர்கள், அதில் 'பயனர் 4471, படித்தல், 09:12' என்று போட்டுவிடுகிறார்கள். அதை வைத்து நோயாளி என்ன செய்வார்? 'எலும்பு மருத்துவப் பிரிவு, உங்கள் மருந்துப் பட்டியலைப் பார்த்தது, காலை 9.12' என்று எழுதினால் புரியும். பக்கத்திலேயே 'இவரிடம் நான் போகவே இல்லை' என்று ஒரு பொத்தான் வேண்டும். அதை அழுத்தினால் யாருடைய மேசைக்குப் போகும், எத்தனை நாளில் பதில் வரும் என்பதை வெளியிடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.