ஏரியா சபைக்குக் கையில் தாளோடு போவது எப்படி

தண்டையார்பேட்டையில் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்து 19 வருடமாகிறது. ஜெராக்ஸ் ஒரு பக்கம் 2 ரூபாய், மனு எழுத 30 ரூபாய். கையில் காசில்லாத கிழவிகள் ஒரு டீ சொன்னால் போதும். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், சாக்கடை அடைப்பு, பட்டா என்று இதுவரை எத்தனை மனு எழுதியிருப்பேனோ, கணக்கில்லை. அதில் பாதி குப்பைக்குத்தான் போயிருக்கும். போகாமல் தப்பித்தவை ஏன் தப்பித்தன என்று மட்டும் கவனித்து வைத்திருக்கிறேன். ஏரியா சபைக்குப் போக நினைப்பவர்களுக்கு அதைச் சொல்கிறேன்.

ஏரியா சபை என்று நாம் சொல்வது அரசாங்கத் தாளில் 'பகுதி சபை' என்று இருக்கும். 3 லட்சம் பேருக்கு மேல் இருக்கிற ஊர்களில் வார்டு குழு வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1992-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் ஏரியா சபைக்கும் விதிகள் வந்தது 2022-ல். அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் சபைகள் கூடின. முப்பது வருடம் லேட். சரி, வந்ததே பெரிசு. சென்னையில் 200 வார்டுகள், ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு குழு, குழுவுக்குத் தலைவர் கவுன்சிலர். வார்டுக்குள் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து நடத்துவதுதான் ஏரியா சபை. தெருவிளக்கு, பொதுக்குழாய், பொதுக்கழிப்பறை எங்கே வேண்டும், எந்த வேலையை முதலில் எடுக்க வேண்டும் என்று சொல்ல நமக்குக் கிடைத்திருக்கிற இடம் இது. அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் சபைதான். யாரும் அழைப்பிதழ் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் தடவை நான் போனபோது உருப்படியாக எதுவும் செய்யவில்லை. கையில் மனு இருந்தது. வழக்கமாக எழுதுகிற மாதிரிதான்: "எங்கள் பகுதியில் கழிப்பறை வசதி சரியில்லை. பொதுமக்கள் மிகவும் அவதிப்படுகிறார்கள். ஆகவே ஐயா அவர்கள் தக்க நடவடிக்கை எடுக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." வாங்கிக்கொண்டார்கள். ஆவன செய்கிறோம் என்றார்கள். அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், எங்கள் தெருவில் மீன் விற்கிற ஆயா ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பேச்சு கழிப்பறைக்குப் போனது. "மூணு மணிக்கு கூடைய தூக்கினு காசிமேட்டுக்கு கெளம்புறோம். அது ஆறு மணிக்குத்தான் தொறக்குது. நாங்க இன்னா பண்றது? ராத்திரி எட்டு மணிக்கு மேல நான் தண்ணியே குடிக்கிறதில்லமா" என்றார்.

அந்தக் கழிப்பறை வாசலில் காலை 6 முதல் இரவு 10 வரை என்று போர்டு இருக்கிறது. ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே விதி. பார்த்தால் சமமாகத்தான் தெரியும். ஆறு மணிக்கு எழுந்திருக்கிறவர்களுக்குச் சமம். மூன்று மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு அது சாத்திய கதவு. 'பொதுமக்கள்' என்று நான் எழுதிக் கொடுத்த சொல்லுக்குள் ஆயா இல்லவே இல்லை. அன்றிலிருந்து மனுவில் அந்தச் சொல் வந்தால் அடித்துவிட்டு 'யார்?' என்று கேட்பேன். பதில் வராவிட்டால் பேனாவை மூடி வைத்துவிடுவேன்.

ஆகவே முதல் வேலை, எண்ணுவது. பக்கத்து வீட்டுக் காலேஜ் பெண்ணைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மூன்று நாள் விடியற்காலையில் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு டார்ச். மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அந்த வழியாக வேலைக்குப் போகிற பெண்களைக் கோடு போட்டு எண்ணினோம். 41, 38, 44. கொசு எண்ணிக்கை தனி.

எண்ணியதில் எனக்கே இரண்டு விஷயம் புதிது. மீன்காரப் பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பூ வாங்கப் போகிறவர்கள், வீட்டு வேலைக்கு முதல் பஸ் பிடிக்கிறவர்கள், தூய்மைப் பணியாளர்கள் என்று பாதிப் பேர் வேறு ஆட்கள். இன்னொன்று, லைட் இல்லாததுதான் பிரச்சினை என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். நிறுத்திக் கேட்டபோது ஒருவர்கூட லைட்டைச் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் போக வேண்டுமென்றால் ஆண்கள் பக்கத்து வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பல் விளக்குகிறவர்கள் வரிசையாக நிற்பார்கள். "தொறந்து வச்சாலும் அவங்கள தாண்டினு எவ போவா?" என்றாள் ஒரு பூக்காரப் பெண். கேட்காமல் எழுதியிருந்தால் லைட் போட்டுக் கொடுத்திருப்பார்கள், நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

இரண்டாவது மனு இப்படி இருந்தது. தெருப் பெயரை மட்டும் விட்டுவிட்டுத் தருகிறேன்:

"மேற்படி தெருமுனையில் உள்ள பொதுக்கழிப்பறை காலை 6 மணிக்குத் திறக்கப்படுகிறது. காலை 3 முதல் 6 மணிக்குள் அந்த வழியாக வேலைக்குச் செல்லும் பெண்களை மூன்று நாட்கள் எண்ணினோம்: 41, 38, 44 பேர். மீன் விற்பவர்கள், பூ விற்பவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள், தூய்மைப் பணியாளர்கள். எங்கள் கோரிக்கை இரண்டு. ஒன்று, பெண்கள் பகுதியை மட்டும் காலை 3 மணிக்குத் திறக்க வேண்டும். இரண்டு, பெண்கள் பகுதிக்கு ஆண்கள் வாசலைக் கடக்காமல் செல்லும்படி பின்சுவரில் தனி வாசல் அமைக்க வேண்டும்."

இவ்வளவுதான். தாழ்மையும் இல்லை, சாபமும் இல்லை. ஒரு தாளில் ஒரு விஷயம். குப்பையையும் நாயையும் அதே தாளில் சேர்த்தால் அதிகாரி எது சுலபமோ அதைச் செய்துவிட்டு மனுவை முடித்துவிடுவார்.

எந்த வேலை யாருடையது என்று தெரியாமல் போனால் சபையில் பாதி நேரம் அதிலேயே போய்விடும். குழாய்த் தண்ணீர், பாதாளச் சாக்கடை அடைப்பு இரண்டும் குடிநீர் வாரியம். மழைநீர் வடிகால், குப்பை, தெருவிளக்கு மாநகராட்சி. நம் ஆட்கள் இன்னும் ஹவுசிங் போர்டு என்று சொல்கிற குடியிருப்புகள், 2021 வரை குடிசை மாற்று வாரியமாக இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையவை. மாநகராட்சி ரோடுகளிலும் பஸ் போகிற ரோட்டைப் பார்க்கிறவர் ஒருவர், தெருவுக்குள் இருக்கிற ரோட்டைப் பார்க்கிறவர் வேறொருவர். எரியாத பல்புக்கும் அள்ளாத குப்பைக்கும் சபை வரை போகாதீர்கள். 1913-க்கு போன் போட்டுப் புகார் நம்பர் வாங்கினால் போதும். சபை என்பது விதியை மாற்றக் கேட்கிற இடம், நேரத்தை மாற்றக் கேட்கிற இடம், இல்லாத ஒன்றைக் கேட்கிற இடம்.

தேதி எப்படித் தெரியும்? டிவிஷன் ஆபீஸ் போர்டைப் பாருங்கள், கவுன்சிலர் ஆபீஸில் கேளுங்கள், ஒரு வாரம் முன்பே மறுபடியும் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு முந்தின நாள் ராத்திரிதான் வாட்ஸ்அப்பில் வரும்.

கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இருநூறு கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே கை பத்துப் பேருக்குப் போட்டது தூரத்திலிருந்தே தெரியும். நான் 30 பேரிடம் வாங்கினேன். பெயர், என்ன வேலை, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறார், கையெழுத்து அல்லது கைநாட்டு. அந்த மணி என்கிற கட்டம்தான் தாளில் முக்கியம். சபை காலை பத்து மணிக்கு வைத்தால் மீன்காரர்கள் எப்படி வருவார்கள்? அப்போதுதான் அவர்களுக்கு வியாபாரம். வர முடியாதவர்கள் அந்தத் தாளில் வந்தார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். வியாசர்பாடியிலிருந்து மாறி வந்து ஆறு வருடமாகியும் ஓட்டு அங்கேயே இருக்கும். இங்கே பேச எழுந்தால் "நீங்க எந்த ஏரியா?" என்று யாராவது கேட்பார்கள். முகவரி மாற்றப் படிவம் 8. பதிவு செய்த வாடகை ஒப்பந்தமோ கேஸ் ரசீதோ இருந்தால் போதும், முன்கூட்டியே போட்டுவிடுங்கள். என் கடையில் கடன் சொல்லியும் போடலாம்.

கூட்டத்தன்று சீக்கிரம் போய் ஓரமாக உட்காருங்கள், நடுவரிசையில் சிக்கினால் எழுந்து மைக்கிடம் வர முடியாது. கவுன்சிலர் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் இருக்கிறது. கீழே உட்கார்ந்திருப்பவர்களிடம் மைக் வரும்போது அந்தச் சட்டம் கிடையாது. முதல் அரைமணி நேரம் வெள்ளைச் சட்டைகள்தான் பேசும். பேசட்டும். அப்புறம் கையைத் தூக்குங்கள், தூக்கிய கையை இறக்காதீர்கள்.

முடிந்தால் பாதிக்கப்பட்டவர் ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். ஆயா அன்று பாதி வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார், சபை நடந்த கல்யாண மண்டப வாசலில் கூடையை வைத்துவிட்டு. எண்களை நான் வாசித்தேன். ஏ.ஈ., அதாவது மாநகராட்சி உதவிப் பொறியாளர், தலையை ஆட்டிக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயா மைக்கை வாங்கி, "சார், ராத்திரி எட்டு மணிக்கு மேல நான் தண்ணி குடிக்கிறதில்ல. எனக்கு சக்கர வேற கீது" என்றார். ஏ.ஈ. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எத்தனை மணிக்குமா கிளம்புவீங்க?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். வெறும் எண்ணை மட்டும் கொண்டு போயிருந்தால் அவர் எழுதியிருக்க மாட்டார். வெறும் ஆயாவை மட்டும் அழைத்துப் போயிருந்தால் 'ஒருத்தருக்காகத் திறக்க முடியாது' என்றிருப்பார்.

இதற்கப்புறம்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது. டீ, சமோசா வந்ததும் கலைந்துவிடுவார்கள். நடவடிக்கைக் குறிப்பில் என்ன ஏறியிருக்கிறது என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள். எங்கள் விஷயம் 'கழிப்பறை குறித்துப் பேசப்பட்டது' என்று ஏறியிருந்தது. பேசப்பட்டது என்றால் யார், என்ன? 'பெண்கள் பகுதியை 3 மணிக்குத் திறக்கவும் தனி வாசல் அமைக்கவும் கோரிக்கை' என்று மாற்றி எழுதச் சொன்னேன். எழுதியவர் முகம் சுளித்தார், ஆனால் எழுதினார். மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் சத்தமில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 'இந்தத் தேதி நடந்த பகுதி சபையின் நடவடிக்கைக் குறிப்பு நகலும், இந்தக் கோரிக்கை மீது எடுத்த நடவடிக்கையும் தருக' என்று ஒரு வரி. 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன், எதற்கு என்று அதில் கேட்காதீர்கள். தாளைக் கேளுங்கள், தாள் வரும்.

எண்ணூர், மணலிப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு கூட்டமும் உண்டு. பெரிய ஆலையோ அனல்மின் நிலையமோ வரும்போது, விரிவாக்கும்போது நடத்துகிற கருத்துக்கேட்புக் கூட்டம். அது 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடப்பது, விதிகள் வேறு. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். கேட்டு வாங்கிப் படியுங்கள். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கே அதில் கிடையாது, நாலு பேர் வந்தாலும் நடந்ததாகத்தான் ஆகும். ஆகவே வராமல் எதிர்ப்பைக் காட்டலாம் என்று நினைப்பது வீண். நேரில் வர முடியாதவர்கள் எழுதியும் அனுப்பலாம். கடைசியில் எல்லோர் பேச்சின் சுருக்கத்தையும் மக்கள் மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அதுவரை உட்கார்ந்திருங்கள். நீங்கள் சொன்னது அதில் வராவிட்டால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள், வீடியோவில் பதிவாகும்.

எங்கள் கழிப்பறை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று மணி கேட்டோம், நாலரை கிடைத்தது. மூன்று மணிக்கு வாட்ச்மேன் கிடைக்கவில்லையாம். தனி வாசல் எஸ்டிமேட்டில் இருக்கிறது என்கிறார்கள். பூக்காரப் பெண்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் நாலரை சரியாக இருக்கிறது. ஆயாவுக்கு நாலரை என்பது காசிமேட்டில் ஏலம் எடுத்துக்கொண்டிருக்கிற நேரம். போன வாரம் அதே நோட்டை எடுத்து புதுப் பக்கத்தில் '3 முதல் 4.30 வரை' என்று தலைப்பு எழுதிக்கொண்டிருந்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்த ஆயா கேட்டார்: "இந்த வாட்டி எத்தினி நாள் எண்ணணும்மா?"