பொத்லேரோட மொரிஷியஸ் சானெட்: பிள்ளைங்க வழக்கமா சறுக்குற இடங்க

1841ல, கல்கத்தாவுக்குன்னு வீட்ல கப்பலேத்தி விட்ட 20 வயசு பிரெஞ்சு கவிஞர் பொத்லேர் நம்ம மொரிஷியஸ் தீவுல இறங்கி, தன்னை உபசரிச்ச வீட்டம்மாவை நினைச்சு எழுதினதுதான் 'ஆ யூன் தாம் க்ரேயோல்' ('ஒரு க்ரேயோல் சீமாட்டிக்கு', அதாவது காலனியிலயே பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணிக்கு). பிரெஞ்சு இலக்கியம் எடுக்கிற பிள்ளைங்களுக்கு சானெட் (பதினாலு வரிக் கவிதை) பழக இதைவிட நல்லது கிடையாது, ஆனா சறுக்குற இடமும் நிறைய.

மொதல்ல, பேசுற மாதிரியே வாசிச்சு அசை எண்ணாதீங்க. இதுல வரிக்குப் பன்னெண்டு அசை. நாலாவது வரிய நம்ம வீட்டு வாக்குல சொன்னா "யூன் தாம் க்ரேயோல் ஓ ஷார்ம் இஞ்ஞோரே", ஒன்பதுதான் வரும், உடனே "மிஸ், மூணு குறையுது"ம்பாங்க. குறையல. வாயில முழுங்கிடுற ஊமை 'எ', மெய்யொலிக்கு முன்னாடி வந்தா செய்யுள்ல கணக்குல சேரும், உயிரொலிக்கு முன்னாடியும் வரிக்கடைசிலயும் சேராது. யூ-ன-தா-ம-க்ரே-யோல், ஓ-ஷார்-ம-ஸி-ஞோ-ரே ('ஷார்ம்' இங்க பன்மை, அதோட கடைசி 'ஸ்' செய்யுள்ல ஒலிக்கிறதால அங்கயும் 'எ' சேருது). ஆறும் ஆறும் பன்னெண்டு. (நேர் நிரை படிச்ச பிள்ளைங்க குறில் நெடில் பாக்க ஆரம்பிச்சிடுவாங்க, இங்க அது வேலைக்கு ஆகாது.)

அப்புறம், முதல் நாலு வரியோட இயைபு ஏபிஏபின்னு (ஒரே ஒலில முடியுற வரிகளுக்கு ஒரே எழுத்து) தெரிஞ்சதுமே 'ஷேக்ஸ்பியர் வகை'ன்னு எழுதிடுறது. அடுத்த நாலையும் பாருங்கப்பா. ஷேக்ஸ்பியர் அங்க ஒலிய மாத்திடுவார், இவர் அதே ரெண்டு ஒலிய எட்டு வரிக்கும் ஓட்டுறார். கவிதை திசை மாறுற திருப்பத்தையும் கடைசி ரெண்டு வரில தேட வேணாம், ஒன்பதாவதுலயே "நீங்க போனா, மதாம்"னு, அதுவரை அவங்களைப் பத்திப் பேசினவர் அவங்ககிட்டயே பேச ஆரம்பிச்சிடுறார்.

கடைசி ஆறு வரிலதான் காது ஏமாத்தும். வரிக்கடைசில வர்ற க்ளுவார், லுவார், மானுவார், கடைசில நுவார், நாலும் காதுக்கு ஒண்ணுதான், அதனால நாலுக்கும் ஒரே எழுத்து போட்டுடுவாங்க. அந்த ஊமை 'எ' முதல் ரெண்டுல இருக்கு, பின்ன ரெண்டுல இல்ல, பழைய பிரெஞ்சு இலக்கணப்படி இது வேற அது வேற. நடுவுல வர்ற ரெண்டு வரி வேற ஒலி, அது 'ஈ'. ஆக சிசிடி ஈஈடி.

இதுவரை சரியா போட்டவங்களும் அதோட பேனாவை மூடிடுறாங்க, எனக்கு அதுதான் ஆத்திரமே. அந்த 'டி'ல யாரு யாரோட ஜோடி சேருறாங்கன்னு பாருங்க: மானுவார்னா பிரான்ஸ் சீமானுங்க மாளிகை, நுவார்னா 'உங்க கறுப்பர்கள்'. உங்க கண்ணைப் பாத்தா கவிஞருங்க உங்க கறுப்பர்களைவிட அடங்கிக் கிடப்பாங்கன்னு புகழ்ச்சி! இங்க அடிமை முறை 1835லயே போயாச்சு, ஆறு வருஷம் கழிச்சு வந்தவர் அந்த 'உங்க'வைக் கூச்சமில்லாம போடுறார், அதுவும் 'உங்க கறுப்பர்கள்'னு சானெட்டையே முடிச்சு. 'அழகான காதல் கவிதை'ன்னு மட்டும் எழுதி வச்சா நான் அரை மார்க்குக்கு மேல போடமாட்டேன்.