பாமாலைப் பாடலைப் பகிரும்போது கவியை வெட்டாதீர்கள்

டிசம்பர் பிறந்தால் கிருஷ்ணகிரியில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சி தொடங்கிவிடும். போன வாரம் எங்கள் வாலிபர்கள் பாடிப் பார்ப்பதை உட்கார்ந்து கேட்டேன். நம் ஆலயப் பாட்டுப் புத்தகமான பாமாலையின் பழைய பாடல்களைத் தேடி எடுத்துப் பாடுகிறார்களே என்று அவ்வளவு சந்தோஷம். ஆனால் பாடகர் குழுவில் சேர்ந்த புதிதில் நான் செய்த அதே தவறுகளை ஒன்று விடாமல் செய்கிறார்கள். தாளம் ஓடுவது, வார்த்தை மறப்பது எல்லாம் பாடப் பாடச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை சில உண்டு.

முதல் கவி, கடைசி கவி, ஆமென்

என்னால் இன்றுவரை பொறுக்க முடியாதது இதுதான். நேரமில்லை என்று நடுவில் உள்ள கவிகளை, அதாவது பாட்டின் பத்திகளை, தள்ளிவிடுவது, அல்லது இரண்டு கவியோடு நிறுத்திவிடுவது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் முதல் கவியை மட்டும் தட்டிவிட்டு நான்கு புள்ளி வைத்துவிடுகிறார்கள்.

வேதாகமத்தின் 46ஆம் சங்கீதத்தை வைத்து, ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய, கடவுளைக் கோட்டை என்று பாடும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1895ல் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் மிஷன் வேலை தொடங்கிய ஊர் எங்கள் கிருஷ்ணகிரி. லூத்தரின் பாட்டு இங்கே புதிதல்ல. ஜெர்மன் மூலத்தில் அதன் முதல் கவி, பூமியில் சத்துருவுக்கு நிகர் யாருமில்லை என்று முடிகிறது. நமக்காகப் போராட வருகிறவர் யார் என்பது இரண்டாம் கவியில்தான் வரும். முதல் கவியோடு நிறுத்தினால் ஜெயம் யார் கையில் இருக்கிறது? சற்று யோசியுங்கள்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். பர்கூர் பக்கம் ஒரு கிராமத்தில் அடக்க ஆராதனை. ‘என்னோடிரும் மா நேச கர்த்தரே’ பாடினோம். வெயில் ஏறிவிட்டது, பெட்டியைத் தூக்க ஆட்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். இரண்டு கவியோடு ஆர்மோனியத்தை மூடிவிட்டேன். இறந்தவரின் மனைவி மட்டும் நிறுத்தவில்லை. பெட்டியின் ஓரத்தைப் பிடித்தபடி அடுத்த கவியைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர். காதால் கேட்டே கற்றது. மூச்சு வாங்கி வாங்கி, தனியாக, கடைசிவரை பாடினார். ஆர்மோனியத்தைத் திரும்பத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்து, “கடைசி கவிக்காகத்தான் கண்ணு இந்தப் பாட்டையே பாடச் சொன்னேன்” என்றார்.

அந்தப் பாட்டின் ஆங்கில மூலத்தை ஹென்றி பிரான்சிஸ் லைட் என்ற போதகர் 1847ல், காசநோயால் தளர்ந்துபோயிருந்தபோது எழுதி முடித்தார். அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். பொழுது சாய்வதில் தொடங்குகிற பாட்டு, மூடப்போகும் கண்களுக்கு முன்னால் சிலுவையைக் காட்டும் என்ற வேண்டுதலில் போய் முடிகிறது. அந்த இடத்துக்குத்தான் அந்த அம்மா காத்திருந்தார். நான் வழியிலேயே இறக்கிவிட்டுவிட்டேன்.

நேரம் போதாதென்றால் சின்னப் பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். மூன்று பாட்டை அரைகுறையாகப் பாடுவதற்கு ஒன்றை முழுசாகப் பாடலாம். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், எல்லாக் கவியையும் ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மெட்டின் பெயரை விட்டுவிடுவது

பாட்டின் தலையில் 8.7.8.7 என்பது போல எண்கள் இருக்கும். ஒவ்வொரு அடியிலும் எத்தனை அசை என்ற கணக்கு அது. பக்கத்திலேயே மெட்டின் பெயர். தேவையில்லை என்று இரண்டையும் நீக்கிவிட்டு வரிகளை மட்டும் அனுப்பினால், வாங்கியவர் எப்படிப் பாடுவார்? கணக்கு ஒத்துவருகிறதே என்று வேறு மெட்டில் போட்டால் குறில் இழுபடும், நெடில் நசுங்கும். ‘என்னோடிரும்’ பாட்டுக்கு 10.10.10.10, மெட்டு, வில்லியம் ஹென்றி மங்க் 1861ல் வெளியிட்ட ‘ஈவன்டைட்’. கீர்த்தனையாக இருந்தால் ராகமும் தாளமும் கூடவே போக வேண்டும்.

சுருதி

பின்வரிசைப் பாட்டிகள் வாயை மூடிவிட்டால் கீபோர்டில் ஒரு கட்டை இறக்குங்கள்.

யார் எழுதியது என்று பார்க்காமல் போடுவது

‘அமேசிங் கிரேஸ்’ என்ற ஆங்கிலப் பாட்டு ஜான் நியூட்டன் எழுதி 1779ல் அச்சானது. ஆனால் பதினாயிரம் ஆண்டுகள் என்று வரும் கடைசி கவி அவருடையதல்ல. பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழிலும் இப்படித்தான். பழைய கீர்த்தனை என்றாலே தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் என்று போட்டுவிடுகிறார்கள். புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

பதிவு

பாட்டு பழையது, அதைப் பாடிய பதிவு பழையதாக இருக்காது. ஒலிப்பதிவுக்கு நம் நாட்டில் 60 ஆண்டு உரிமை உண்டு. நீங்களே பாடிப் போடுங்கள்.

தமிழில் மட்டும் என்று பிடிவாதம்

ஓசூர் பக்கம் போனால் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும். ஒரு வீட்டு வாசலில் ‘சைலன்ட் நைட்’ மெட்டைத் தமிழில் தொடங்கினோம். 1818ல் ஆஸ்திரியாவில் ஒரு சிற்றூர் ஆலயத்தில் கிதாரோடு முதலில் பாடிய பாட்டு அது. வீட்டம்மா தெலுங்கில் சேர்ந்துகொண்டார். மாடி வீட்டுக்காரர் படியில் நின்று கன்னடத்தில். எங்கள் பையன் ஒருவன், குழம்புகிறதே, நிறுத்தலாமா என்று என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன். பனியில் கை விறைத்துப் போயிருந்தது. கடைசி கவி முடியும்வரை அந்த வாசலை விட்டு யாரும் நகரவில்லை.